மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று!

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போக எவ்வளவு நேரம்? துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறவர் சுமார் 60 மணி நேரம் என்பார். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவர் இரண்டேகால் மணி நேரம் என்பார். ரெண்டும் நிஜம்! நேர்கோட்டில் தூரம் சுமார் 1,370 கி.மீ.; மாலுமிக் கணக்கில் 740 கடல் மைல்.

அந்த இரண்டேகால் மணி எப்படித்தான் உருவாகிறது? வாங்க, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்!

மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் இந்தத் தூரத்துக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல்தான் ஆக வேண்டும். மீதி எங்கே போச்சு? சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை இங்கே எடுத்ததிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டை வைக்கிறவரை கணக்கு. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாமே டிக்கெட் நேரத்தில் அடக்கம்.

அடுத்தது காற்று. இங்கேதான் செம கூத்து! மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் விடிகாலையில் ஒரு பலூனைப் பறக்கவிடுகிறார்கள். அதன் வாலில் ஒரு குட்டிப் பெட்டி. மேலே போகப் போக வெப்பம், ஈரப்பதம், காற்றின் போக்கு என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பலூனோ உப்பிக்கொண்டே போய், கடைசியில் டப்!

ஆடி மாதத்தில் அந்தப் பெட்டி சொல்லும் சேதி கேளுங்கள். கீழே காசிமேட்டுக் கட்டுமரம் உணர்வது மேற்கிலிருந்து வீசும் காற்று. விமானம் பறக்கும் உயரத்திலோ நேர்மாறாகக் கிழக்கிலிருந்து வீசுகிறது! அதற்கும் மேலே இந்தக் கிழக்குக் காற்று ஓர் ஆறு போலப் பாய்கிறது. பெயர், வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம். இதைப் பற்றி 1958இல் ஆய்வுக் கட்டுரை எழுதி உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம்.

ஆக, ஒரே நாளில் அந்தமானுக்குக் கிளம்பும் கப்பலைக் காற்று முதுகில் தள்ளுகிறது, விமானத்தை நெஞ்சில் தள்ளுகிறது! எதிர்க்காற்று மணிக்கு 70 கி.மீ. என்று வையுங்கள்: போகும்போது சுமார் ஒன்பது நிமிடம் நஷ்டம், திரும்பும்போது சுமார் ஏழு நிமிடம் லாபம்.

வழியில் மழைமேகம் மறித்தால்? ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஒரு வெள்ளைக் கூண்டுக்குள் டாப்ளர் ராடார் சுழல்கிறது. 2002இல் வந்த இது, நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ராடார். கடலுக்கு மேல் சில நூறு கிலோமீட்டர் வரை மேகத்தைத் துழாவிவிடும்!

இன்னொரு வேடிக்கை: போர்ட் பிளேரிலும் கடிகாரம் இந்திய நேரம்தான்; சூரியன் மட்டும் ஏறத்தாழ 50 நிமிடம் முந்திக்கொண்டு மறைந்துவிடும். மாலை விமானத்தில் போகிறவர்களே, ஜன்னல் சீட்டைப் பிடித்து சூரியாஸ்தமனத்தைச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள். ஆடி மாதம் என்றால், தாமதத்துக்கு விமானியைத் திட்டாதீர்கள். திரும்பி வரும்போது காற்று அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்!