ஒரு பாடத்துக்கு 20 பிராங்க்!

பாரிஸ் நகரம். காலை நேரம். ஒரு வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நிற்கிறது. பட்டு உடை அணிந்த சீமாட்டி ஒருத்தி இறங்குகிறாள். கையில் இசைக் குறிப்புப் புத்தகம். நெஞ்சு படபடக்கிறது. பாடம் சரியாக வராவிட்டால் வாத்தியார் கோபித்துக்கொள்வாரே!

அந்த வாத்தியார் யார் தெரியுமா? உலகம் போற்றும் பியானோ மேதை பிரெடெரிக் ஷோபின்!

ஷோபின் 1810-ல் போலந்து நாட்டில் பிறந்தவர். 1831-ல் பாரிசுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 21. கல்க்பிரென்னர் என்ற பெரிய வித்துவான் அவருடைய வாசிப்பைக் கேட்டார். "மூன்று வருஷம் என்னிடம் பாடம் கேள்" என்ற கருத்தில் பேசினார். ஷோபின் யோசித்துப் பார்த்தார். மரியாதையாக மறுத்துவிட்டார். மாணவனாகப் போக வேண்டியவர், சில காலத்திலேயே பாரிஸ் சீமாட்டிகளுக்கு வாத்தியார் ஆகிவிட்டார்!

கூட்டம் என்றால் பயம்

கச்சேரி செய்தே பணம் குவித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் கூட்டத்தைக் கண்டாலே ஷோபினுக்கு நடுக்கம். ஆயுள் முழுவதும் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் ஏறக்குறைய 30தான். பாட்டுகளை எழுதிப் பதிப்பாளர்களுக்கு விற்றார். அந்தப் பணம் போதவில்லை. நல்ல வீடு, வேலைக்காரன், வண்டி, வெள்ளைக் கையுறை எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் பிரபுக்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க முடியாது. ஆகவே வீட்டிலேயே பியானோ சொல்லிக் கொடுத்தார். குடும்பம் நடந்தது அந்த வருமானத்தில்தான்.

ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். மாணவியின் வீட்டுக்கே வர வேண்டும் என்றால் 30. அந்தக் காலத்துப் பாரிஸ் தொழிலாளிக்கு நாள் முழுவதும் உழைத்து நான்கு பிராங்க் கிடைத்தால் அது நல்ல கூலி! கோடீசுவரர்களான ராத்சைல்டு குடும்பத்துப் பெண்ணும் அவரிடம் படித்தாள்.

இவ்வளவு வாங்கியவர், பணத்தைக் கையால் வாங்க மட்டும் கூச்சப்பட்டார். பாடம் முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். மாணவி பணத்தைக் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

அறையில் இரண்டு பியானோ

பாடம் நடக்கும் அறையில் இரண்டு பியானோ உண்டு. பெரியது மாணவிக்கு. சிறியது வாத்தியாருக்கு. மாணவி தடுமாறினால், தம் பியானோவில் அந்த இடத்தை வாசித்துக் காட்டுவார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம். பிடித்த மாணவி என்றால் கடிகாரத்தையே பார்க்க மாட்டார்.

பியானோ படிப்பவர்கள் பொதுவாக வெள்ளைக் கட்டைகளில்தான் ஆரம்பிப்பார்கள். ஷோபின் இதைத் தலைகீழாக மாற்றினார். கையை விரித்துப் பாருங்கள். நடுவிலுள்ள மூன்று விரல்கள் நீளம். கட்டை விரலும் சுண்டு விரலும் குட்டை. நீள விரல்களைச் சற்று உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டை விரல்களை வெள்ளைக் கட்டைகளிலும் வைத்தால் கை தானாகவே சுகமாக உட்காரும். ஆகவே கறுப்புக் கட்டைகள் நிறைந்த ஸ்வர வரிசையை முதலில் கொடுத்தார். முழுவதும் வெள்ளைக் கட்டையாக உள்ள வரிசை பார்க்கச் சுலபம், வாசிக்கக் கஷ்டம் என்று கடைசிக்குத் தள்ளினார். வாத்தியத்துக்காகக் கையை வருத்தாமல், கைக்குத் தகுந்தபடி பாடத்தை அமைத்த இந்த யோசனை அவருடைய பாட்டுகளுக்குச் சமமானது என்றே சொல்லலாம்.

சாதகம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அவர் கட்டளை. அதிகம் செய்கிறேன் என்று பெருமை பேசினால் திட்டு விழும். நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள், விரல்களால் பாடுங்கள் என்பார். கோபம் வந்தாலோ பென்சில் ஒடியும்! கண்ணீரோடு வீடு திரும்பிய மாணவிகள் உண்டு.

கண்ணான மாணவன்

குழந்தைகளுக்கு அவர் சாதாரணமாகப் பாடம் சொல்வதில்லை. ஒரு சிறுவனுக்கு மட்டும் அந்த விதி தளர்ந்தது. பெயர் கார்ல் பில்ச். டிரான்சில்வேனியாவிலிருந்து வந்தவன். 1841-ல் ஷோபினிடம் சேர்ந்தபோது வயது 11.

ஒரு நாள் நண்பர்கள் கூடியிருந்தார்கள். ஷோபின் எழுதிய பெரிய உருப்படி ஒன்றைச் சிறுவன் வாசித்தான். குரு இரண்டாவது பியானோவில் துணை வாசித்தார். முடிந்ததும் அவனை நேரே இசைப் புத்தகக் கடைக்கு அழைத்துப் போனார். பீதோவனின் 'பிடேலியோ' இசை நாடகப் புத்தகத்தை வாங்கிப் பரிசளித்தார். உடன் இருந்த லென்ஸ் என்ற மாணவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சிறுவன் 1845-ல் இத்தாலியில் நோயால் இறந்தான். 15 வயதுகூட நிறையவில்லை.

வாசலில் வண்டி இல்லை

1848 பிப்ரவரி 16-ந் தேதி ஷோபின் பாரிசில் கச்சேரி செய்தார். அங்கே அதுவே கடைசி. அடுத்த வாரமே புரட்சி வெடித்தது. மன்னர் ஓடினார். பிரபுக்களும் சீமாட்டிகளும் ஓடினார்கள். வாசலில் வண்டிகள் நின்றுபோயின. நுரையீரல் நோயால் இளைத்திருந்த வாத்தியாருக்கு வருமானமும் நின்றது.

ஜேன் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்து மாணவி அவரை லண்டனுக்கு வரும்படி அழைத்தாள். போனார். அங்கே அவர் அறையில் மூன்று பியானோ. ஒரு பாடத்துக்கு ஒரு கினி. ஆனால் லண்டன் சீமாட்டிகளில் சிலர் சம்பளம் கொடுக்காமலே கிராமத்து மாளிகைக்குக் கிளம்பிவிட்டார்கள்! நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். மாடிப்படி ஏறக்கூட அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பாரிஸ் திரும்பினார். பியானோ கற்பிக்கும் முறை பற்றி ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்திருந்தார். அது குறிப்புகளாகவே நின்றுவிட்டது. 1849 அக்டோபர் 17-ந் தேதி, 39-வது வயதில் காலமானார்.

மாணவிகளின் புத்தகங்களில் அவர் பென்சிலால் போட்ட திருத்தங்கள் இன்றும் இருக்கின்றன. கடைசி நாட்களில் அவர் வாசித்த பியானோவை ஜேன் ஸ்டர்லிங் விலைக்கு வாங்கினாள். தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. வார்ஸாவிலிருந்த அவருடைய தமக்கை லுட்விகாவுக்கு அனுப்பி வைத்தாள்.