எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையா? அன்றைக்கே எழுந்து நடங்க!

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்தவரை "அசையாம படுத்திரு" என்று வீட்டார் சொல்வது வழக்கம். அது தப்புங்க. அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விரைவு மீட்புச் சிகிச்சையில், மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே கைபிடித்து நடக்க வைக்கிறார்கள். தண்ணீரும் சீக்கிரமே கொடுப்பார்கள். மடமடவென்று குடிக்காமல், வாய் நனைய கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கேதான் கவனம் வேணும். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போடாதீங்க, சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம். புது அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்க. சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு. படபடப்பு, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், நிற்காத வாந்தி இருந்தால் "விடியட்டும்" என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.