பாடசாலைக் கதவு திறக்கும்போது யாரைக் கேட்க வேண்டும்?

2020 மார்ச் 11 ஆம் திகதி எமது நாட்டில் முதலாவது உள்நாட்டுக் கொரோனா நோயாளி இனங்காணப்பட்டார். மறுநாளே பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. மூடுவதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. திறப்பதற்கு எடுத்த காலமோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் பாடசாலைகள் திறந்தன, மூடின, மீண்டும் திறந்தன, மீண்டும் மூடின. இப்போது அந்நோயின் பயம் தணிந்துவிட்டது. பயம் தணிந்திருக்கும் இந்த வேளையிலேயே அக்காலத்தைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இன்னொரு நோயோ, வெள்ளமோ, வேறோர் இடரோ வரும்போது இதே கேள்வி எமது வாசலுக்கு மறுபடியும் வரும். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா, விடுவதா?

எமக்குப் புதியதல்ல

பாடசாலை மூடப்படுவது வடக்கு கிழக்குத் தாய்மாருக்குப் புதிய செய்தி அல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளே அகதிகளின் வீடுகளாயின. 2004 டிசம்பரில் கடல் வந்தபோதும் வகுப்பறைகளில்தான் மக்கள் படுத்துறங்கினார்கள். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளின் கீழும் பிள்ளைகள் படித்தார்கள். அவ்வாண்டு உயர்தரப் பரீட்சையையும் முகாமிலிருந்தே எழுதினார்கள். அக்காலங்களில் கட்டடம் இருக்கவில்லை, ஆனால் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரு மரத்தின் கீழாவது கூட முடிந்தது. கொரோனா காலத்திலோ கட்டடம் இருந்தது. கூடுவதே ஆபத்தாக இருந்தது. இந்த வேறுபாடுதான் எம்மைத் திகைக்க வைத்தது.

திறந்ததும் மூடியதும்

2020 ஜூலை 6 ஆம் திகதி தரம் 5, 11, 13 மாணவர்களுக்காகப் பாடசாலைகள் முதலில் திறக்கப்பட்டன. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் தொற்றுப் பரவியதும் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. ஓகஸ்டில் மீண்டும் திறந்தன. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுடன் மூடப்பட்டன. நவம்பர் இறுதியிலிருந்து மேல் மாகாணத்துக்கு வெளியே படிப்படியாகத் திறந்தன. 2021 ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னர் நோய் கடுமையாகப் பரவ, மறுபடியும் நீண்ட மூடல் வந்தது.

அந்த நீண்ட மூடல் முடிந்த ஒழுங்கைச் சற்றுக் கவனியுங்கள். 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி 200 இலும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு திறந்தது. நான்கு நாட்களின் பின் ஏனைய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் திறந்தன. நவம்பர் 8 இல் தரம் 10 முதல் 13 வரை. தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் நவம்பர் 22 வரை காத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு முக்கியம், பெரிய பிள்ளைகளுக்குப் பரீட்சை முக்கியம் என்ற எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் இடையில் நின்றவர்கள் யார்? பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள். பெண்பிள்ளைகள் பூப்படையும் வயது அது. ஆண்பிள்ளைகளுக்குக் கூலி வேலை கிடைக்கத் தொடங்கும் வயதும் அதுவே. இடைவிலகலுக்கு வாசல் திறக்கும் வயதில் உள்ளவர்களே ஏழு மாதங்கள் வகுப்பறையைக் காணாமல் இருந்தார்கள்.

கைத்தொலைபேசியும் கடனும்

பாடசாலை மூடியிருந்தாலும் கல்வி நடக்கிறது என்று சொல்லப்பட்டது. தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பயிற்சிகளை அனுப்பினார்கள். ஆனால் 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட தரவின்படி நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருந்தது. எஞ்சிய வீடுகளின் பிள்ளைகள் கைத்தொலைபேசியையே நம்பியிருந்தார்கள். அலைவரிசை தேடி மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பிள்ளைகள் ஏறிய படங்களை நாம் பத்திரிகைகளில் பார்த்தோம்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள். அந்தத் தொலைபேசியும் தாய் வேலைக்குப் போகும்போது அவருடன் போய்விடும். தோட்டை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. நுண்கடனுக்கு மேல் இன்னொரு கடனாகத் தவணைக்கு எடுத்தவர்களும் உண்டு. மூத்தவனுக்குப் பரீட்சை என்பதால் தொலைபேசி அவனுக்குக் கொடுக்கப்படும். தங்கச்சி அடுப்படியில் நிற்பாள். இந்த முடிவை எந்த அமைச்சும் எடுக்கவில்லை. வீட்டுக்குள்ளே, யாரும் விவாதிக்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது.

ஒரு விவாதம்

2021 ஒக்டோபரில் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் மாதர் சங்க அங்கத்தவர்கள் சிலர், மர நிழலில் இடைவெளி விட்டு அமர்ந்து இதைப் பற்றிக் கதைத்தார்கள். ஊரின் சின்னப் பாடசாலை அடுத்த வாரம் திறக்க இருந்தது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஜூலை 12 முதல் நடந்துவந்த ஆசிரியர், அதிபர் வேலைநிறுத்தம் அப்போது முடிந்திருக்கவில்லை.

ஒரு தாய் சொன்னார்: "நான் இரண்டு பிள்ளையளைக் குடுத்தவள். மிஞ்சினது இது ஒண்டுதான். படிப்பு ஒரு வருசம் பிந்தினாலும் பிடிக்கலாம். உயிரைப் பிடிக்கேலாது."

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அவருக்குப் பதில் சொல்வது இலகுவல்ல.

பின்னர் இன்னொருவர் சொன்னார்: "அக்கா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா நான் விடிய ஆறு மணிக்குக் கூலிக்குப் போனா பொழுதுபடத்தான் வாறனான். பதின்மூன்று வயசுப் பிள்ளை தனிய வீட்டில. வாசலில ஆர் வருகினம், போயினம் எண்டு எனக்குத் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடம்தான் காவல்."

மூன்றாமவர் ஓர் அம்மம்மா. "பிள்ளைக்கு ஒண்டும் வராது எண்டு சொல்லுகினம். அது கொண்டுவந்து எனக்குத் தந்தா? எனக்குச் சீனி வருத்தமும் இருக்கு, முட்டும் இருக்கு."

இம்மூவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பாதுகாப்பு. ஆனால் மூவரும் குறித்த பொருள் வேறு. முதலாமவருக்கு நோயிலிருந்து பாதுகாப்பு. இரண்டாமவருக்கு மனிதரிடமிருந்து பாதுகாப்பு. மூன்றாமவருக்கு வீட்டிலுள்ள முதியவரின் பாதுகாப்பு. கொழும்பில் திகதி குறிப்பவர்கள் முதலாவதை மட்டுமே அளந்தார்கள். மற்ற இரண்டையும் அளக்கக் கூடியவர்கள் அந்த மர நிழலில்தான் இருந்தார்கள்.

கூட்டம் முடிவதற்குள் "அனுப்புவதா, விடுவதா" என்ற கேள்வி மாறிவிட்டது. "என்னென்ன இருந்தால் அனுப்பலாம்" என்று பெண்களே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? மலசலகூடக் கதவு பூட்டுமா? எத்தனை பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள்? அம்மம்மா இரண்டாவது தடுப்பூசியும் போட்டுக்கொண்டாரா? பயத்தை ஒரு பட்டியலாக மாற்றியவுடன் அதில் பாதியைக் கையால் செய்து முடிக்கலாம் என்பது தெரிந்தது.

பிற நாடுகள் தரும் பாடம்

கொரோனா உச்சத்தில் இருந்தபோது உலகில் 190 இற்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பாடசாலைக்கு வெளியே இருந்ததாக யுனெஸ்கோ கூறியது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 இலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடசாலையைத் திறந்தது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், அடிக்கடி கை கழுவச் செய்தார்கள், இயன்றவரை வெளியிலே கற்பித்தார்கள். பணக்கார நாடு என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் மர நிழலும் வெளிக்காற்றும் எம்மிடமும் உண்டு. இந்நோய் காற்றின் வழியாகவும் பரவுகிறது என்பது பின்னர் தெளிவானபோது, அரைச்சுவருடன் திறந்திருக்கும் எமது கிராமத்து வகுப்பறைகள் கண்ணாடி யன்னல் அடைத்த அறைகளைவிட நல்லவை என்பதும் தெளிவாயிற்று.

உகண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்தது 2022 ஜனவரியில்தான். உலகின் மிக நீண்ட மூடல்களில் ஒன்று அது.

எமக்கு மிக நெருக்கமான பாடம் சியராலியோனிலிருந்து கிடைக்கிறது. எம்மைப் போலவே உள்நாட்டுப் போரைக் கண்ட நாடு அது. 2014 இல் எபோலா நோய் பரவியபோது அங்கு பாடசாலைகள் மூடப்பட்டன. 2015 ஏப்ரலில் கை கழுவும் வாளிகளுடனும் காய்ச்சல் பார்க்கும் கருவிகளுடனும் திறக்கப்பட்டன. நோய்க்கு எதிரான ஏற்பாடு நல்லது. ஆனால் மூடியிருந்த மாதங்களில் பல சிறுமிகள் கர்ப்பமுற்றிருந்தார்கள். அவர்கள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசு தடை விதித்தது. மேற்கு ஆபிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது. நோய் நுழையாமல் வாசலில் காவல் வைத்தவர்கள், நோயினால் பாதிக்கப்பட்ட சிறுமிகளையும் அதே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வராதவர்கள்

எமது நாட்டிலும் பாடசாலை திறந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பரீட்சைகள் பிந்தின. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலும் நடந்தன. காத்திருப்பு நீள நீள, "வீட்டில சும்மா இருக்கிறாளே" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சின் பின்னால் ஒரு சம்பந்தப் பேச்சு வரும். அதன் மேல் பொருளாதார நெருக்கடியும் வந்தது. எரிபொருள் இல்லாமல் 2022 ஜூன், ஜூலை மாதங்களில் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. கொப்பியின் விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. பதினைந்து வயதுப் பையன் கொண்டுவரும் நாட்கூலி ஒரு குடும்பத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இந்தத் தாய்மாரைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டவிதி இருக்கிறது. வயிறும் கட்டாயம் அல்லவா? அதனால்தான் திரும்பி வராத பிள்ளையைத் தேடிப் போகும் பொறுப்பை ஒரு தாயின் தலையில் மட்டும் சுமத்த முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

இன்னொரு முறை பாடசாலை மூடப்பட்டால், திறக்கும் முன்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாம் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

1. தண்ணீரும் சவர்க்காரமும் ஒவ்வொரு நாளும் இருக்குமா? வாங்கித் தருவது யார்?

2. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு, பூட்டு, அணையாடை போடும் வாளி உண்டா? இவை இல்லாவிட்டால் மாதத்தில் சில நாட்கள் அவர்களுக்குப் பாடசாலை மூடியே இருக்கும்.

3. யன்னல்கள் திறக்குமா? வெளியில் நடத்தக் கூடிய பாடங்கள் எவை?

4. பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? வகுப்பில் இடைவெளி விட்டு, பஸ்ஸில் நெருக்கியடித்து வந்தால் பயனில்லை.

5. ஆரம்பப் பிரிவுக்கு மதிய உணவு முதல் நாளிலிருந்தே தொடங்குமா?

6. காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டில் நின்றால் பாடம் எப்படிக் கிடைக்கும்? நோய் வந்த வீட்டுப் பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்காமல் பார்ப்பது யார்? படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீட்டின் பிள்ளைகள் பட்ட வெட்கத்தை நாம் கண்டோம். "முகாம் பிள்ளை" என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கு அந்த வலி தெரியும்.

7. முதல் வாரத்தில் வராத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் எடுக்கப்படுமா? அவர்களின் வீட்டுக்கு யார் போவது?

கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. அதிபரும் வகுப்பாசிரியரும் தனியே இதைச் செய்ய முடியாது. கிராம சேவையாளர், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருக்கு இதில் பங்குண்டு. ஒரு சிறுமிக்குத் திருமண ஏற்பாடோ துன்புறுத்தலோ நடப்பதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம். மாதர் சங்கமும் தனது ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளின் பட்டியலை வைத்திருக்கலாம். எந்த வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகிறது, எந்த வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்பது அலுவலகத்தைவிட எமக்கே முதலில் தெரியும்.

நோயின் தன்மையை வைத்தியர்கள் சொல்லட்டும். அதை நாம் கேட்டு நடக்க வேண்டும். தடுப்பூசி, முகக்கவசம், இடைவெளி ஆகியவற்றில் எமது விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஆனால் எந்த வீட்டில் முதியவர் இருக்கிறார், எந்தப் பிள்ளை தனியே இருக்கிறது, எந்தப் பாதை மழைக்கு முடங்கும் என்பது தாய்மாருக்கே தெரிந்த அறிவு. இரண்டு அறிவும் ஒரே மேசையில் இருந்தால்தான் திறப்பு பாதுகாப்பானதாகும்.

உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றே விசாரியுங்கள். பின்வரிசையில் இருந்து கையொப்பமிட்டுத் திரும்பாதீர்கள். மேலேயுள்ள ஏழு கேள்விகளில் ஒன்றையாவது கேளுங்கள். தண்ணீர்க் குழாயும் மலசலகூடப் பூட்டும் இடர் வந்த பின் தேட வேண்டியவை அல்ல; இன்றைக்கே திருத்தப்பட வேண்டியவை.