புதிதாய் வந்த கிளியின் உறக்கம்

தமிழ் மக்களுக்குக் கிளியிடம் உள்ள பற்று மிகப் பழமையானது. மதுரை மீனாட்சியின் திருக்கரத்தில் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தும் கிளியை நாள்தோறும் இலைகளைக் கொண்டு புதிதாகவே செய்கிறார்கள். தெருவோரத்துக் கிளி ஜோசியத்தை வேடிக்கை பார்க்காத தமிழ்க் குழந்தை ஒரு காலத்தில் அரிது. ஆகவே, ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்களில், "அம்மா, நாமும் ஒரு கிளி வளர்க்கலாமே!" என்று குழந்தைகள் கேட்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கிளி வரும் நாளில் வீடே விழாக்கோலம் பூண்டுவிடுகிறது. கூண்டு வாங்குகிறோம், தினை வாங்குகிறோம், என்ன பெயர் வைப்பது என்று பாட்டி முதல் பேரன் வரை வாதிடுகிறார்கள். ஆனால் அது இரவில் எங்கே, எப்படி உறங்கும் என்பதை மட்டும் விளக்கை அணைக்கும் வேளையில்தான் நினைக்கிறோம். நள்ளிரவில் கூண்டுக்குள் படபடவென்று சிறகடிக்கும் ஓசை கேட்டு எல்லோரும் விழித்தெழுகிறோம். இரண்டு மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தால், "இந்தக் கிளி நமக்கு ஒத்து வராது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. முன்பே ஒரு வீட்டை இழந்து வந்த பறவை மற்றொரு வீட்டையும் இழக்கிறது. முதல் சில வாரங்களின் இரவுகளை நன்கு நடத்தத் தெரிந்தால் இந்நிலை பெரும்பாலும் நேராது.

எந்தக் கிளி?

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுப் பச்சைக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சந்தையில் எவ்வளவு வெளிப்படையாக விற்றாலும் அதை வாங்கலாகாது. மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலிய அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் வீடுகளுக்கு ஏற்றவை, கூண்டிலேயே பிறந்து வளரும் ஆஸ்திரேலிய இனங்களான பட்ஜரிகரும் காக்கட்டீலும்தாம். தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உடைய காக்கட்டீலைப் பற்றியே இங்குச் சிறப்பாகச் சொல்லப் போகிறோம். இரவு அச்சம் இந்த இனத்துக்கே மிகுதி.

வேலை மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் தம் பறவையைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துச் செல்வது நகரங்களில் வழக்கம். அவ்வாறு பெற்றுக்கொள்வோர், விடைபெறுமுன் அவ்வீட்டாரிடம் சில செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அது எத்தனை மணிக்கு உறங்கும்? கூண்டை மூடுவார்களா? எந்தத் துணியால்? உறங்கும் முன் அதனிடம் என்ன சொல்வார்கள்? இயன்றால் அந்தப் பழைய துணியையும், அது அமர்ந்து பழகிய குச்சியையும் கேட்டு வாங்கி வருவது நலம். காக்கட்டீல் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடிய பறவை. நெடுநாட் பழக்கங்களை ஒரே நாளில் மறந்துவிடாது.

அஞ்சுவது ஏன்?

காக்கட்டீல் திறந்த வெளிகளில் கூட்டமாகத் திரியும் பறவை. பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் இனம். கூட்டம் அருகில் இருக்கிறதா என்று குரல் கொடுத்துத் தெரிந்துகொள்வதும், ஆபத்து என்றால் எண்ணிப் பாராமல் விருட்டென்று பறப்பதும் அதன் பிறவிக் குணங்கள். பகலில் கூர்மையாகப் பார்க்கும் அதன் கண்களுக்கு இருளில் சரியாகத் தெரியாது. ஒரு கதவு அறைந்தாலும், மோட்டார் வண்டியின் விளக்கொளி சுவரில் ஓடினாலும், கூண்டின்மேல் ஒரு பல்லி ஊர்ந்தாலும், உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து பறக்க முயல்கிறது. கூண்டுக் கம்பிகளில் மோதிச் சிறகு ஒடிவதும், வளரும் இறகு முறிந்து குருதி வடிவதும் இப்படித்தான். பழகிய இடத்திலேயே இது நேரும் என்றால், எது சுவர், எது சன்னல் என்று அறியாத புது வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. புதிய ஊருக்கு வந்த முதல் வாரத்தில், அறிமுகமில்லாத ஒவ்வோர் ஓசைக்கும் விழித்துக்கொண்ட நம் குழந்தைகளை நினைத்துப் பார்த்தால் இதன் நிலை விளங்கும்.

இடம் தேர்தல்

காக்கட்டீலுக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும். நம் வீடுகளின் முதற் சிக்கல் இதுதான். குடும்பத்தலைவர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மணி ஒன்பது; பிறகு சாப்பாடு, தொலைக்காட்சி, ஊருக்குத் தொலைபேசிப் பேச்சு; கூடத்தில் விளக்கு அணையும்போது பதினொன்று. கூடத்தில் இருக்கும் பறவைக்கு ஆறு மணி நேரம்கூடக் கிட்டுவதில்லை. தூக்கம் குறைந்த கிளி கடிக்கும், ஓயாமல் அலறும், உடலும் நலிவடையும். மேலும், நெடுநேர வெளிச்சத்தை அதன் உடல் இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளமாகக் கொள்வதால், பெண் பறவை துணையின்றியே முட்டை மேல் முட்டையாக இட்டு மெலிவதும் உண்டு.

ஆகவே, படுக்கையறையில் அமைதியான ஒரு மூலையை இரவுக்கென ஒதுக்குவது நல்லது. கூண்டு பெரிதாயின், சில நாள் பழகிய பின், இரவுக்கு மட்டும் ஒரு சிறு கூண்டு வைத்துக்கொள்ளலாம். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். சன்னலுக்கு நேரே வேண்டாம். குளிர்சாதனத்தின் காற்று நேராக வீசும் இடமும் வேண்டாம். ஒரே அறையில் வாழும் குடும்பமாயின், கூண்டுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே அலமாரியோ தட்டியோ மறைப்பாக இருத்தல் வேண்டும். மெல்லிய பேச்சொலிக்குப் பறவை பழகிக்கொள்ளும். விட்டுவிட்டு மின்னும் ஒளிக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் பழகுவது கடினம்.

சமையலறை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. பறவையின் நுரையீரல் காற்றிலுள்ளதை நம்மைவிட விரைவாக ஈர்ப்பது. டெஃப்லான் பூச்சிட்ட தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, நமக்கு மணம்கூடத் தெரியாதபோதே கிளியைக் கொன்றுவிடும். அந்தி வேளையில் நாம் போடும் சாம்பிராணி, ஏற்றும் ஊதுவத்தி, கொளுத்தும் கொசுவர்த்திச் சுருள் ஆகிய இவையும் அதன் உறங்கும் அறையில் ஆகா. கொசுவுக்குச் சன்னலில் வலை அடிப்பதே இரு சாராருக்கும் நன்மை. வடநாட்டுக் குளிரில் அறைக்குள் கரியடுப்பு மூட்டி வைப்பது பறவைக்கு மட்டுமன்றி மனிதருக்கும் எமனாகும்.

மாலை முறை

காட்டில் இருள் படிப்படியாகவே கவிகிறது. சுவிட்சைத் தட்டியவுடன் கும்மிருட்டாவது நம் வீட்டில்தான். அதனால் உறக்கத்துக்கு ஒரு முன்னுரை தேவை. அதை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்.

ஏழு மணியளவில் கடைசி உணவு கொடுத்து, வெளியே விளையாடவிட்ட பறவையைக் கூண்டில் சேர்க்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு கடித்த பழமும், ஊறிய தானியமும் இரவில் கெட்டுவிடும். அவற்றை எடுத்துவிட்டு உலர்ந்த தானியமும் தண்ணீரும் இருக்கவிடலாம். ஊஞ்சல், மணி முதலிய தொங்கும் பொருள்களை அகற்றிவிட்டால், இரவில் சிறகடித்தாலும் மோதிக்கொள்ளாது. அமரும் குச்சி மிக உயரத்தில் இருக்க வேண்டாம். விழுந்தால் அடி குறையும். அரை மணி நேரம் கழித்துத் திரைகளை இழுத்துப் பெரிய விளக்கை அணைத்துச் சிறிய விளக்கை ஏற்றுங்கள். பின்னர்க் கூண்டின் மேற்புறத்தையும் மூன்று பக்கங்களையும் துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்காகவும் பார்வைக்காகவும் திறந்து வையுங்கள். அடர்நிறப் பழைய நூற்சேலை இதற்குப் போதும். ஆனால் நூல் பிரிந்த ஓரங்களை மடித்துத் தைத்துவிட வேண்டும், இல்லையேல் நகம் சிக்கும். காக்கட்டீலை முழு இருட்டில் விடாமல், மங்கலான இரவு விளக்கொன்று விடியும் வரை எரிவது நலம். விழித்தால் தான் இருக்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டும்.

கடைகளில் கிளிக்கென்று விற்கும் பஞ்சுக் கூடாரங்கள் வேண்டாம். அவற்றைக் கூடு என்று எண்ணி முட்டையிட முற்படும். நூலைக் கடித்து விழுங்கவும் செய்யும்.

இத்தனையும் முடிந்தபின் ஒரே சொல்லை, ஒரே குரலில், நாள்தோறும் சொல்லுங்கள். "தூங்கு கண்ணே" என்றாலும் சரி, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றாலும் சரி. பொருள் அதற்குத் தேவையில்லை. நேற்றுச் சொன்னதே இன்றும் வருகிறது என்பதே தேவை. இந்தப் பணியை வீட்டுக் குழந்தையிடம் ஒப்படைப்பது மிக நன்று.

அழைப்பும் அச்சமும்

துணி போட்டதும் புதிய பறவை கூவி அழைப்பது இயல்பே. கூட்டத்தைத் தேடும் குரல் அது. அதட்டுவதால் பயனில்லை. ஓடிவந்து துணியை விலக்கிக் கொஞ்சினால், கூவினால் ஆள் வருவார் என்று கற்றுக்கொள்ளும். இருந்த இடத்திலிருந்தே மெல்ல ஒருமுறை விடை கொடுத்துவிட்டு அமைதியாய் இருங்கள். முதல் சில இரவுகளில், திறந்த பக்கத்துக்கு எதிரே ஒருவர் புத்தகம் படித்தபடி கால்மணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். கூட்டத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்ற ஆறுதல் அதற்கு உண்டாகும்.

நள்ளிரவில் சிறகடித்துப் புரள்வது வேறு; அதற்கு உடனே எழத்தான் வேண்டும். முதலில் தொலைவிலிருந்து பேசுங்கள். பிறகு மெல்லிய விளக்கை ஏற்றுங்கள். கையைக் கூண்டுக்குள் நுழைக்காதீர்கள். அச்ச வேளையில் அதற்குக் கையும் பாம்பே. அமர்ந்து மூச்சு நிதானப்பட்டபின் சிறகையும் காலையும் கண்ணால் பாருங்கள். குருதி கசிந்தால் அந்த இடத்தில் சோளமாவைத் தூவித் தூய துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் விடியும் வரை காத்திராமல் பறவை வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவரை நாடுங்கள். அவர் முகவரியைப் பறவை வந்த அன்றே கேட்டுவைத்துக்கொள்வது அறிவுடைமை. காயம் ஏதும் இல்லையெனில், அது தானாகக் கண் சொருகும் வரை விளக்கு எரியட்டும்.

தீபாவளி இரவுகளில் சன்னல்களை அடைத்து, வானொலியைத் தணிந்த குரலில் பாடவிட்டு, விளக்கை எரியவிடுவதே வழி. அன்று உறக்கம் தாமதித்தால் குற்றமில்லை. மறுநாள் காலையில் சற்று நேரம் கழித்துத் துணியை எடுத்துக்கொள்ளலாம்.

நலமாய் உறங்குகிறதா?

ஒற்றைக் காலில் நின்று, தலையை முதுகுப் புறம் திருப்பி இறகுக்குள் புதைத்துக்கொண்டால் நல்ல உறக்கம். அதற்கு முன் மணலை அரைப்பதுபோல் அலகை அரைக்கும் மெல்லோசை கேட்டால், மனம் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, பகலிலும் இறகை உப்பிக்கொண்டு இரு கால்களையும் ஊன்றித் தூங்கி வழிந்தால், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், கூண்டின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டால், அது நோயின் அறிகுறி. வந்த புதிதில் ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு பறவையின் உடல் பட்டினியை நெடுநேரம் தாங்காது.

புதிய வீட்டின் இரவு தன் இரவே என்று சில பறவைகளுக்குச் சில நாள்களில் தெளிவாகிறது. சிலவற்றுக்குச் சில வாரங்கள் ஆகின்றன. இடையே ஓரிரவு அச்சம் மீண்டதனால் எல்லாம் வீணாயிற்று என்று சோர வேண்டாம். மூடும் நேரம், சொல்லும் சொல், எரியும் விளக்கு, துணியை எடுக்கும் காலை வேளை ஆகிய இந்நான்கும் மாறாதிருக்கட்டும். விலையுயர்ந்த கூண்டும் விதவிதமான பண்டங்களும் தராத நம்பிக்கையை அந்த ஒழுங்கு தரும். அதைத் தருவதற்கு நமக்கும் நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவில்லை.