ஓடிபியை ஏன் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்?

பார்வையற்ற ஒருவர் அரசு உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறார். செல்போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்று திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்விடிஏ இலவசம், தமிழும் வாசிக்கும். பெயர், முகவரி எல்லாம் தானாகவே நிரப்பிவிடுகிறார். அடுத்து கேப்சா வருகிறது. கோணல்மாணலான எழுத்துகள் கொண்ட ஒரு படம். காதால் கேட்டு நிரப்ப வழியில்லை. விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது.

வேறு வழியில்லாமல் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். ஆதார் எண், வங்கிக் கணக்கு, பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் முன்பின் அறியாதவர் கைக்குப் போகின்றன. கணக்கில் பணம் குறைந்தால், “ஓடிபியை நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்ற கேள்வியும் அவரை நோக்கித்தான் வரும். இணையதளத்தைச் சரியாக அமைக்காதவர்களை யாரும் கேட்பதில்லை. இந்த அநியாயம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது.

பாதிக்கப்படுவது பார்வையற்றவர்கள் மட்டுமல்ல. கை நடுக்கம் உள்ளவரால் மவுஸைப் பிடித்துச் சின்னஞ்சிறு கட்டத்தில் சொடுக்க முடியாது. எழுத்து வடிவம் இல்லாத விளக்க வீடியோவால் காது கேளாதவருக்குப் பயனில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டிய இடங்களைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், நிறம் பிரித்தறிய இயலாதவர் தடுமாறிப்போவார்.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசாணையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றுகிறார்கள். வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் புகைப்படம். எழுத்தாகவே இருந்தாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் காதில் விழும். யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையே பிடிஎஃப் ஆக்கி, கையெழுத்திட்ட படியோடு சேர்த்து ஏற்றினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பிரிவு அலுவலரின் கவனம் போதும்.

முகப்பின் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல அலுவலகங்கள் நினைக்கின்றன. முடியவில்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து விண்ணப்பத்தை முடிக்க முடிகிறதா என்று அதிகாரி ஒருமுறை தானே பார்க்கட்டும். குறைகளில் பாதி அப்போதே தெரிந்துவிடும்.

இது சலுகையல்ல, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017-இல். சேவை நிறுவனங்களுக்குத் தரப்பட்ட இரண்டு ஆண்டு அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னதால், ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர்கள் தவித்த வழக்கு அது. மின்னணு சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது.

ஓர் இணையதளம் உங்களைத் தடுத்தால் முதலில் ஆதாரம் சேருங்கள். பக்கத்தின் முகவரி, தேதி, நேரம், பயன்படுத்திய கருவி, மென்பொருள், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் குரலும் பதிவாகும்படி திரையை வீடியோ எடுத்து வைத்தால் மறுக்க முடியாது. “இணையதளம் சரியில்லை” என்று பொதுவாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். “மூன்றாம் பக்கத்தில் உள்ள பட்டனைப் ‘பட்டன்’ என்று மட்டும் வாசிக்கிறது, சமர்ப்பிக்கவா, அழிக்கவா என்று தெரியவில்லை” என்று எழுதுங்கள். அந்தத் தளத்தின் பொறுப்பாளருக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்புங்கள். கடைசித் தேதி நெருங்கினால், காகித விண்ணப்பமும் கால நீட்டிப்பும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் மாநில அலுவலகங்கள் மீது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மத்திய அரசு அலுவலகங்கள் மீது டெல்லியில் உள்ள முதன்மை ஆணையரிடமும் புகார் செய்யலாம். மின்னஞ்சலில் அனுப்பலாம், வக்கீல் கட்டாயமில்லை. விசாரணையில் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையையோ ஏற்க மறுக்கும் காரணத்தையோ அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டு வையுங்கள். இணையதளத்தின் அணுகல்தன்மை கடைசியாக எப்போது தணிக்கை செய்யப்பட்டது, அறிக்கையின் நகல் எங்கே, தயாரித்த நிறுவனத்துக்குத் தந்த ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருந்ததா, மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு சோதித்தார்களா என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். தணிக்கையே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையே ஆணையருக்கான புகாரோடு இணைத்துவிடுங்கள்.