பொட்டலத்துடன் ஒரு குறிப்புச் சீட்டு

வணிகப் பெருமக்களே! சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாம் மூட்டையாக வாங்கும் பிளீச்சிங் பவுடர், நாமக்கல், ராசிபுரம் கடைகளில் கால் கிலோ பொட்டலமாகிறது. உபயோகிக்கும் முறையும் எச்சரிக்கையும் மூட்டையிலேயே தங்கிவிடுகின்றன. கழிவறை கழுவும் ஆசிட்டுடன் இந்தப் பவுடர் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். வாங்கிச் செல்லும் தாய்மார்களுக்கு இதை யார் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. சரியான உபயோகக் குறிப்பு தராத உற்பத்தியாளர் 84ஆவது பிரிவின்படி பொறுப்பாவார். அவர் தந்த குறிப்பை வாடிக்கையாளரிடம் சேர்க்காமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால், 86ஆவது பிரிவின்படி விற்ற கடைக்காரரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார்.

சீட்டு எழுதுவது எளிது. முதல் வரியில் எச்சரிக்கை: 'ஆசிட்டுடன் கலக்காதீர்'. பிறகு அளவு, உபயோகிக்கும் முறை, வைக்கும் இடம், உற்பத்தியாளர் பெயர். ஒரு வரிக்கு ஒரு செய்தி போதும். மூட்டையில் உள்ள அளவை நாமாக மாற்றலாகாது. எழுதியதைக் கடைச் சிப்பந்தியிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்; அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லி அனுப்புவதும் நம் கடமையாகும்.