பக்திக்குக் காரணம் வயதா, பிறந்த வருஷமா?

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயம் எதிலும் ஞாயிறு காலையில் நரைத்த தலைகள்தான் அதிகம் தெரியும். வயசானால் பக்தி தானாக வந்துவிடும் என்று முடிவுகட்ட அந்தக் காட்சியே போதும். ஆனால் அந்த 75 வயதுக்காரர் 25 வயதில் எப்படி இருந்தார் என்பதை அது சொல்லாதே!

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டேவிட் வோஸும் அலஸ்டேர் க்ராக்கெட்டும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துக்கணிப்புகளைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாலிபத்தில் எவ்வளவு மதப்பற்று இருந்ததோ, ஏறக்குறைய அதே அளவோடுதான் ஒவ்வொரு தலைமுறையும் மூப்படைகிறது. அடுத்துப் பிறந்தவர்களிடம்தான் அது குறைகிறது. தாய் தகப்பன் இருவரும் மதப்பற்றுள்ளவர்கள் என்றாலும், அது பிள்ளைக்குப் போய்ச் சேரப் பாதி வாய்ப்புதான். ஒருவர் மட்டும் என்றால் கால்வாசி.

இதைவிடச் சுவாரசியமானது ஜார்ஜியா. பியூ ஆய்வு மையம் 2018-இல் 106 நாடுகளை ஒப்பிட்டது. 46 நாடுகளில் 40 வயதுக்குக் குறைந்தவர்கள் மதத்துக்குக் குறைந்த முக்கியத்துவமே தந்தார்கள். இதற்கு நேர்மாறாக இருந்தவை இரண்டே நாடுகள்: ஜார்ஜியா, கானா. ஜார்ஜியாவில் பாட்டி சோவியத் பள்ளியில் கடவுள் இல்லை என்று படித்தவர். பேத்தி வளர்ந்ததோ 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு. தலைநகர் திபிலீசியில் பிரம்மாண்டமான திரித்துவப் பேராலயம் 2004-இல் திறக்கப்பட்டது. ஒரு தம்பதியின் மூன்றாவது குழந்தையிலிருந்து நானே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று திருச்சபைத் தலைவர் இரண்டாம் இலியா 2007-இல் அறிவித்தார். இந்த நாட்டை மட்டும் பார்த்தவர், வயசானால் பக்தி போய்விடும் என்றல்லவா எழுதுவார்!

அப்படியானால் வயதுக்குப் பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. 1920-களில் பிறந்த கலிஃபோர்னியர்களைப் பதின்பருவம் தொட்டு முதுமை வரை பின்தொடர்ந்த தரவுகளை பால் விங்க், மிஷெல் டில்லன் இருவரும் அலசினார்கள். நடுவயதில் ஒரு சரிவு, பிறகு மிதமான ஏற்றம். ஆனால் இளமையில் மற்றவர்களைவிட அதிகப் பற்றோடு இருந்தவர்கள்தான் முதுமையிலும் பெரும்பாலும் முன்னால் நின்றார்கள். நாத்திகர் கிழவரானதும் ஜெபமாலையைத் தேடுவது கதைகளில் நடக்கிற அளவுக்கு வாழ்க்கையில் நடப்பதில்லை.

அளவுகோலிலும் கோளாறு இருக்கிறது. கிறிஸ்தவ நாடுகளில் பொதுவாகப் பெண்களுக்கு மதப்பற்றும் அதிகம், ஆயுளும் அதிகம். அதனால் யாருமே மனம் மாறாமல்கூட முதியோர் கூட்டத்தில் பக்தி கூடித் தெரியும். எண்பதைத் தாண்டினால் இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு பிழை: மூட்டுவலி. படியேற முடியாமல் வீட்டில் ரேடியோ ஆராதனையைக் கேட்கிறவரும், வருகைக் கணக்கில் தேவாலயத்தை விட்டுப் போனவர்தான்.